கொழும்பில் அஸ்வெசும எடுப்பது எப்படி: முகவரியிலிருந்து வங்கிக் கணக்கு வரை

அஸ்வெசும என்பது வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு இலங்கை அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கும் உதவிக் காசு. கொட்டாஞ்சேனையில் எங்கள் தோட்டத்தில், அதாவது நெருக்கமாக வீடுகள் சேர்ந்த குடியிருப்பில், இருபதுக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு அஸ்வெசும படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். தகுதி இருந்தும் கிடைக்காமல் போனவர்களில் பெரும்பாலானோருக்குப் பிரச்சினை படிவத்தில் இருக்கவில்லை, அதற்கு முந்தின வேலைகளில்தான் இருந்தது. முகவரி எங்கேயோ, பெயர் ஒவ்வொரு கடதாசியிலும் ஒவ்வொரு மாதிரி, ஒரே வீட்டில் மூன்று குடும்பம், லைட் பில் வீட்டுக்காரர் பெயரில். இவற்றை நேராக்காமல் படிவத்தைக் கையில் எடுத்தால் பிறகு மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும். அதனால் கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள்.

விண்ணப்பம் வருடம் முழுக்கத் திறந்திருப்பதில்லை. 2022இல் ஒருமுறை எடுத்தார்கள், 2024 பெப்ரவரியில் இரண்டாம் முறை எடுத்தார்கள். அறிவித்தல் வந்த பிறகு கிடைக்கும் சில வாரங்களுக்குள் பிறப்புச் சான்றிதழ் பிரதி எடுத்து, அடையாள அட்டை திருத்தி, வதிவிடக் கடிதமும் வாங்கி முடிப்பது நடக்காத காரியம். முதல் நான்கு படிகளை இப்போதே, அறிவித்தல் இல்லாத காலத்திலேயே முடித்து வையுங்கள்.

1. எந்தக் காசு யாருக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்

அஸ்வெசும ஒரே தொகை இல்லை. குடும்பங்களை நான்கு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். 2023 ஜூலையில் தொடங்கியபோது தற்காலிகமாகப் பாதிக்கப்பட்டோருக்கு 2,500 ரூபாய், பாதிக்கப்படக்கூடியோருக்கு 5,000, வறியோருக்கு 8,500, மிக வறியோருக்கு 15,000. 2025 ஜனவரியிலிருந்து வறியோருக்கு 10,000, மிக வறியோருக்கு 17,500 என்று கூட்டினார்கள். தற்காலிகமாகப் பாதிக்கப்பட்டோர், பாதிக்கப்படக்கூடியோர் என்ற இரண்டு வகுப்புக்கும் கால எல்லை வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்கு நின்றுவிட்டது என்பதால் உங்களுக்கும் நிற்கும் என்றோ, அவர்களுக்கு 17,500 வருவதால் உங்களுக்கும் அது வர வேண்டும் என்றோ நினைக்க வேண்டாம். உங்கள் குடும்பம் எந்த வகுப்பில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

இதோடு கலந்துவிடக் கூடாத மூன்று கொடுப்பனவுகள் தனியாக இருக்கின்றன. 70 வயது தாண்டிய, வருமானம் குறைந்த முதியோருக்கு 5,000, அங்கவீனமுள்ளோருக்கு 10,000, சிறுநீரக நோயாளருக்கு 10,000. இவை 2025இல் கூட்டப்பட்ட தொகைகள். குடும்பத்துக்கான காசு வேறு, அந்தக் குடும்பத்தில் இருக்கும் முதியவருக்கோ நோயாளிக்கோ உரியது வேறு. அம்மாவுக்கு முதியோர் காசு வருவதால் வீட்டுக்கு அஸ்வெசும கேட்க முடியாது என்று பல பேர் சும்மா இருந்துவிடுகிறார்கள். அப்படி எந்தத் தடையும் இல்லை.

2. உங்கள் பிரதேச செயலகம் எது, கிராம உத்தியோகத்தர் பிரிவு எது

கொழும்பு மாநகரம் ஒன்றாகத் தெரிந்தாலும் நிர்வாகத்தில் இரண்டு துண்டு. கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, ஜிந்துப்பிட்டி, முகத்துவாரம், மட்டக்குளி பக்கம் எல்லாம் கொழும்பு பிரதேச செயலகம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கிருலப்பனை, நாரஹேன்பிட்டி எல்லாம் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம். தெஹிவளைக்கும் இரத்மலானைக்கும் கொலன்னாவைக்கும் தனித்தனிச் செயலகம் இருக்கிறது. மட்டக்குளியிலிருந்து களனி ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வத்தளைக்குக் குடிபோனீர்கள் என்றால் மாவட்டமே மாறி கம்பஹாவுக்குப் போய்விட்டீர்கள், பழைய செயலகத்தில் இனி உங்கள் வேலை நடக்காது.

செயலகம் தெரிந்தால் போதாது, கிராம உத்தியோகத்தர் பிரிவின் பெயரும் இலக்கமும் தெரிய வேண்டும், ஏனென்றால் படிவமும் பட்டியலும் மேன்முறையீடும் அந்தப் பிரிவை வைத்தே பிரிக்கப்படுகின்றன. தெருவின் இந்தப் பக்கம் ஒரு பிரிவு, அந்தப் பக்கம் இன்னொன்று என்று இருக்கும் இடங்கள் கொழும்பில் நிறைய உண்டு. பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதாமல், நாம் ஜி.எஸ். என்று சொல்லும் கிராம உத்தியோகத்தரிடமே கேட்டு, ஒரு கடதாசியில் எழுதி பைலில் வையுங்கள்.

ஜி.எஸ். எல்லா நாளும் அலுவலகத்தில் இருக்கமாட்டார், களவேலைக்கும் கூட்டங்களுக்கும் போவார். கதவில் ஒட்டியிருக்கும் நாளையும் நேரத்தையும் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாட்சம்பளத்தை விட்டுவிட்டுப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பி வருவது சின்ன நட்டம் இல்லை.

3. வாடகைக்கு இருப்பவர்கள் முகவரியை முதலில் நேராக்க வேண்டும்

கொழும்பில் தமிழ்க் குடும்பங்கள் அதிகமாக வழுக்கும் இடம் இதுதான். ஊர் யாழ்ப்பாணமோ ஹற்றனோ, அடையாள அட்டையில் அந்த முகவரி, வாக்காளர் இடாப்பில் பெயரும் அங்கேயே, ஆனால் ஏழெட்டு வருடமாகக் குடியிருப்பது இங்கே ஒரு அறையில். ஜி.எஸ். இடம் போனால் அவருடைய பதிவில் நீங்கள் இல்லை. பதிவில் இல்லாதவருக்கு வதிவிடத்தை உறுதிப்படுத்திக் கொடுக்க அவர் தயங்குவார், அது அவருடைய பொறுப்பு.

செய்ய வேண்டியது: வாடகை ஒப்பந்தம் இருந்தால் அதன் பிரதி, இல்லாவிட்டால் வீட்டுக்காரர் கையொப்பமிட்ட ஒரு கடிதம். இன்னார், இத்தனை பேர், இந்தத் திகதியிலிருந்து, இந்த வீட்டின் இந்தப் பகுதியில், மாத வாடகை இவ்வளவு என்று அதில் இருக்க வேண்டும். பிள்ளை இங்கே பள்ளிக்கூடம் போனால் அதிபரின் கடிதம், கிளினிக் போனால் கிளினிக் கொப்பி. இவற்றோடு போய் உங்கள் குடும்பத்தைப் பிரிவில் பதியச் சொல்லிக் கேளுங்கள். வாக்காளர் இடாப்பு திருத்தும் காலத்தில் பெயரை இங்கே மாற்றிக்கொள்ளுங்கள், அது வேறு பல காரியத்துக்கும் உதவும்.

சில வீட்டுக்காரர்கள் கடிதம் தரப் பயப்படுகிறார்கள், பதிந்தால் வீட்டில் உரிமை கேட்டுவிடுவார்களோ என்று. பொறுமையாகச் சொல்லுங்கள், இது குடியிருப்பை மட்டும் காட்டும் கடிதம், சொத்துரிமை பற்றி ஒரு வார்த்தையும் இதில் இல்லை என்று. நானும் இரண்டு வீட்டுக்காரரோடு உட்கார்ந்து கடிதத்தை வாசித்துக் காட்டியிருக்கிறேன், வாசித்த பிறகு இருவருமே கையொப்பம் வைத்தார்கள்.

ஊரிலும் இங்கேயும் இரண்டு இடத்தில் விண்ணப்பிப்பது பெரிய பிழை. அடையாள அட்டை இலக்கம் ஒன்றுதான், இரண்டாவது பதிவு முதலாவதோடு முட்டும், கடைசியில் இரண்டுமே இழுபடும். ஊரில் அப்பா அம்மாவின் குடும்பத்தில் உங்கள் பெயரைச் சேர்த்திருக்கிறார்களா என்று ஒரு ஃபோன் அடித்துக் கேட்டுவிட்டு இங்கே எழுதுங்கள்.

4. எல்லாக் கடதாசியிலும் ஒரே பெயர்

அடையாள அட்டையில் லெட்சுமி, பிறப்புச் சான்றிதழில் லக்சுமி, பாஸ் புத்தகத்தில் ஆங்கில எழுத்து இன்னொரு மாதிரி. தகப்பன் பெயர் ஒன்றில் முன்னால், மற்றதில் முதலெழுத்தாக மட்டும். நமக்கு இது ஒரே ஆள்தான், கணினிக்கு மூன்று ஆள். படிவம் சேரும், தெரிவும் வரும், ஆனால் வங்கியில் காசு விழும் நேரத்தில் தட்டும்.

ஆகவே அடையாள அட்டையை அடிப்படையாக வையுங்கள். அதில் இருக்கும் எழுத்துப்படியே படிவம், அதன்படியே வங்கிக் கணக்கு. அட்டையே பிழை என்றால் இப்போதே ஜி.எஸ். மூலம் திருத்த விண்ணப்பியுங்கள், அதற்குக் காலம் எடுக்கும். பழைய அட்டை உடைந்து, படம் அழிந்து போயிருந்தாலும் இப்போதே மாற்றுங்கள். 15 வயது நிரம்பிய பிள்ளைகளுக்கும் அட்டை எடுத்து வையுங்கள்.

5. ‘குடும்பம்’ என்றால் யார் என்று முடிவு செய்யுங்கள்

அஸ்வெசும தனி ஆளைப் பார்ப்பதில்லை, குடும்பத்தைப் பார்க்கிறது. ஒன்றாக வாழ்ந்து, ஒரே உலையில் சமைத்துச் சாப்பிடுபவர்கள் ஒரு குடும்பம். தோட்டத்து வீடொன்றில் கீழே மாமியார், மேலே மூத்த மகன் குடும்பம், பின்னால் அறையில் இளைய மகள் குடும்பம், மூன்று அடுப்பு என்றால் அது மூன்று குடும்பம், கதவு இலக்கம் ஒன்றாக இருந்தாலும் சரி. எல்லாரையும் ஒரே படிவத்தில் போட்டால், மூத்த மகனுக்கு நல்ல வேலை இருப்பதால் கூலிக்குப் போகும் மருமகனின் குடும்பமும் சேர்ந்து தள்ளுபடியாகும். நான் பார்த்ததிலேயே மனதை வருத்தியது இந்தப் பிழைதான், ஏனென்றால் உண்மையிலேயே கஷ்டப்படும் குடும்பம் காகிதத்தில் காணாமலே போய்விடுகிறது.

மறுபக்கமும் உண்டு. ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடும் குடும்பத்தைப் படிவத்துக்காக மட்டும் இரண்டாகப் பிரித்துக் காட்டாதீர்கள். வீடு பார்க்க வருபவர் அடுப்பைத்தான் பார்ப்பார்.

வெளிநாட்டில் வேலை செய்பவர், ஊரில் தங்கிப் படிக்கும் பிள்ளை, பிரிந்துபோன கணவர் என்று சந்தேகமானவர்கள் இருந்தால், அவர்களைப் பற்றிய உண்மை நிலையை ஒரு வரியில் எழுதி வைத்துக்கொண்டு உத்தியோகத்தரிடம் கேட்டுச் சேருங்கள். கணவர் விட்டுப்போய்ப் பல வருடமாகியும் வெட்கத்தில் அவர் பெயரையும் தொழிலையும் எழுதிய அக்காமார் இருக்கிறார்கள். தனியாகப் பிள்ளைகளை வளர்ப்பது மறைக்க வேண்டிய விஷயம் இல்லை அக்கா, அது கணக்கில் எடுக்கப்படும் விஷயம், உள்ளபடி எழுதுங்கள்.

6. படிவம்: எதை அளக்கிறார்கள் என்று தெரிந்து நிரப்புங்கள்

பலர் மாத வருமானம் என்ற ஒரு கட்டத்தில் மட்டும் கண்ணாக இருந்து, அதைக் குறைத்துப் போட்டால் கிடைத்துவிடும் என்று நினைக்கிறார்கள். தெரிவு அப்படி நடப்பதில்லை. கல்வி, சுகாதாரம், பொருளாதார மட்டம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு பகுதிகளில் 22 குறிகாட்டிகள் இருக்கின்றன. பள்ளிக்கூடம் போகாத பிள்ளை உண்டா, நாட்பட்ட நோயாளி உண்டா, வீடு சொந்தமா, மின்சாரம் எவ்வளவு பாவிக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் நிறை உண்டு. ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டால் அதற்குரிய புள்ளியைப் பெரும்பாலும் நீங்களே விட்டுக்கொடுக்கிறீர்கள்.

கொழும்பில் கவனிக்க வேண்டிய மூன்று இடம். முதலாவது லைட் பில். ஒரு மீற்றரில் மூன்று குடும்பம் எரிக்கும்போது அலகு கூடித்தான் இருக்கும், அந்தக் கணக்கு இலக்கத்தை அப்படியே எழுதினால் முழு வீட்டின் பாவனையும் உங்கள் தலையில் விழும். எத்தனை குடும்பம் அந்த மீற்றரில் என்று வீட்டுக்காரர் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். இரண்டாவது வீடு. கல்வீடு, டைல்ஸ், தொடர்மாடி என்று வெளியே வசதியாகத் தெரியும், ஆனால் நீங்கள் வாடகைக்கு இருப்பது அதில் ஒரு அறை. வாடகை என்பதையும் உங்கள் பகுதியின் அளவையும் தெளிவாகச் சொல்லுங்கள். மூன்றாவது நோய். ‘பிரஷர், சீனி’ என்று வாயால் சொல்வது போதாது, கிளினிக் கொப்பியின் பிரதியைச் சேருங்கள். அங்கவீனத்துக்கு மருத்துவச் சான்றிதழ், சிறுநீரக நோய்க்கு வைத்தியரின் உறுதிப்படுத்தல்.

படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்பு கொள்ளும் உரிமை அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. சிங்களப் படிவத்தை யாரோ நிரப்பிக் கொடுக்க, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையொப்பம் வைப்பதுதான் ஆபத்து. வேறு வழியே இல்லாவிட்டால் ஒவ்வொரு கட்டத்தையும் வாசித்துக் காட்டச் சொல்லி, அப்புறம் வையுங்கள்.

கொடுக்கும் முன் முழுப் படிவத்தையும் பக்கம் பக்கமாக ஃபோனில் படம் எடுங்கள். கொடுத்த திகதி, பதிவு இலக்கம், யாரிடம் கொடுத்தீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். நான்கு மாதம் கழித்து மேன்முறையீடு எழுதும்போது ‘அன்றைக்கு என்ன எழுதினேன்’ என்று தெரியாமல் தடுமாறுவது சாதாரணமாக நடக்கிறது. இதற்குக் கட்டணம் கிடையாது. படிவத்துக்கோ புள்ளி கூட்டவோ யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

7. வீடு பார்க்க வரும் நாள்

படிவம் கொடுத்த பிறகு தகவலைச் சரிபார்க்க உத்தியோகத்தர் வீட்டுக்கு வருவார். பகலில்தான் வருவார், கொழும்பில் பகலில் வீட்டில் ஆள் இருப்பது அரிது. பூட்டிய வீட்டில் என்ன சரிபார்ப்பது? அந்தக் காலத்தில் எப்போதும் வீட்டில் இருக்கும் ஒருவரிடம், பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ, பைலையும் உங்கள் ஃபோன் இலக்கத்தையும் கொடுத்து வையுங்கள். படிவத்தில் எழுதிய இலக்கத்தை இடையில் மாற்றாதீர்கள்.

பைலில் இருக்க வேண்டியவை: எல்லாருடைய அடையாள அட்டைப் பிரதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வீட்டுக்காரர் கடிதம், கடைசி மூன்று மாத லைட் பில், கிளினிக் கொப்பி, பள்ளிக்கூடக் கடிதம்.

டிவியையும் ஃபிரிட்ஜையும் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிப்போய் வைக்காதீர்கள். தோட்டத்தில் எதுவும் மறையாது, ஒருவர் ஆட்சேபனை போட்டால் உண்மையாகச் சொன்ன மற்ற விஷயங்களையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள். அதேநேரம் கேட்காத கஷ்டத்தைச் சொல்லவும் தயங்க வேண்டாம். வருபவருக்குப் பார்க்க இன்னும் எத்தனையோ வீடு இருக்கும், அவர் கேட்கும் வரை காத்திருக்காமல் கடதாசியை எடுத்து முன்னால் வையுங்கள்.

8. பட்டியல் வந்த பிறகு: மேன்முறையீடா, ஆட்சேபனையா

பெயர்ப்பட்டியல் பிரதேச செயலகத்திலும் ஜி.எஸ். அலுவலகத்திலும் போடுவார்கள், நலன்புரி நன்மைகள் சபையின் இணையத்தளத்திலும் அடையாள அட்டை இலக்கத்தை வைத்துப் பார்க்கலாம். பெயர் இல்லாவிட்டால், அல்லது இருக்க வேண்டியதை விடக் கீழ் வகுப்பில் இருந்தால், நீங்கள் செய்ய வேண்டியது மேன்முறையீடு. தகுதியில்லாத இன்னொருவர் பட்டியலில் இருக்கிறார் என்று சொல்வது ஆட்சேபனை. இரண்டும் வேறு வேறு. ‘அவருக்குக் கிடைத்தது எனக்கு ஏன் இல்லை’ என்று பக்கத்து வீட்டைப் பற்றி எழுதியதெல்லாம் ஆட்சேபனைக்குள் போய்விடுகிறது, உங்கள் விஷயத்தை யாரும் மறுபடி பார்ப்பதில்லை.

மேன்முறையீட்டில் நீண்ட துன்பக் கதை வேண்டாம். எந்தத் தகவல் பிழையாகப் பதிந்தது, சரியானது எது, அதற்கு என்ன அத்தாட்சி, இந்த மூன்றுதான் வேண்டும். ‘மின் கணக்கில் மூன்று குடும்பம் இருக்கிறது, வீட்டுக்காரரின் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது’ என்ற ஒரு வரி, இரண்டு பக்க வேண்டுகோளை விட வேலை செய்யும். அதற்கும் கடைசித் திகதி உண்டு, பட்டியல் பார்த்த அன்றைக்கே திகதியைக் கேளுங்கள்.

பதிலே வராவிட்டால் செயலகத்தில் இருக்கும் நலன்புரி நன்மைகள் தகவல் பிரிவுக்குப் போங்கள், அல்லது 1924 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள். அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. உங்கள் குடும்பம் பற்றிப் பதிந்த தகவல் என்ன, எந்தக் காரணத்தால் தெரிவாகவில்லை என்று எழுதிக் கேட்கலாம், கோரிக்கையைப் பற்றி 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கவுண்டரில் இருக்கும் மிஸ்ஸோடு வாக்குவாதப்படுவதை விட இது நல்ல வழி. பட்டியலைத் தீர்மானிப்பவர் அவர் இல்லை.

9. வங்கிக் கணக்கு

தெரிவானதும் செயலகம் தரும் கடிதத்தோடு வங்கிக்குப் போக வேண்டும். இலங்கை வங்கி, மக்கள் வங்கி, தேசிய சேமிப்பு வங்கி, பிராந்திய அபிவிருத்தி வங்கி ஆகிய அரச வங்கிகளில் கணக்குத் திறக்கலாம். படிவத்தில் யாரைப் பெறுநராகப் போட்டீர்களோ அவர் பெயரில்தான் கணக்கு. அப்பா பெயரில் விண்ணப்பித்துவிட்டு, அம்மாவின் பழைய பாஸ் புத்தகத்தைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்புவார்கள்.

பெறுநரை ஆரம்பத்திலேயே யோசித்துப் போடுங்கள். என் அபிப்பிராயம், வீட்டுச் செலவைக் கையாளும் பெண்ணின் பெயரில் இருப்பது நல்லது, அரிசிக்கும் பாலுக்கும் காசு ஒழுங்காகப் போய்ச்சேரும்.

கணக்கு இலக்கத்தை எழுதிக் கொடுக்காதீர்கள், பாஸ் புத்தகத்தின் முதல் பக்கத்துப் பிரதியைக் கொடுங்கள். ஒரு இலக்கம் இடம் மாறியதால் மாதக்கணக்கில் காசு விழாமல் இருந்த குடும்பத்தை எனக்குத் தெரியும். காசு நின்றால் முதலில் வங்கியில் புத்தகத்தைப் பதிந்து பாருங்கள், அதன் பிறகு செயலகம்.

அஸ்வெசும என்று சொல்லி ஃபோனுக்கு லிங்க் வந்தாலோ, யாராவது எடுத்து ஓடிபி கேட்டாலோ வைத்துவிடுங்கள். கணக்கில் காசு போட ஓடிபி தேவையே இல்லை, எடுக்கத்தான் தேவை.

10. கிடைக்கத் தொடங்கிய பிறகும் சில வேலை இருக்கிறது

குழந்தை பிறந்தாலும், வீட்டில் ஒருவர் இறந்தாலும், மகள் கலியாணம் முடித்துத் தனியாகப் போனாலும் தகவல் பிரிவுக்கு அறிவியுங்கள். பெறுநர் இறந்துவிட்டால் உடனே அறிவிப்பது முக்கியம், இறந்தவர் கணக்கிலிருந்து வங்கி அட்டையால் எடுத்துக்கொண்டே இருந்தால் பிறகு வரும் சிக்கல் குடும்பத்துக்குத்தான். மரணச் சான்றிதழோடு போய் வேறு பெறுநரை நியமிக்கக் கேளுங்கள்.

வீடு மாறும்போது ஒழுங்கு இப்படி: முதலில் பழைய ஜி.எஸ். இடம் சொல்லிக் கடிதம், பிறகு புதிய ஜி.எஸ். இடம் பதிவு, அதன் பிறகு செயலகத்தில் இடமாற்றம். பலர் நேராகப் புதிய இடத்துக்குப் போய் நிற்கிறார்கள், அவர் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்புகிறார், அங்கும் இங்குமாக இரண்டு நாள் சம்பளம் போகிறது. கொழும்பில் வாடகைக்காரர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வீடு மாறுவது சாதாரணம் என்பதால், அட்வான்ஸ் கொடுக்கும் அன்றைக்கே புதிய வீட்டுக்காரரிடம் மூன்றாம் படியில் சொன்ன கடிதத்தையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கர்ப்பிணித் தாய்மார் இருந்தால் குடும்ப சுகாதார மருத்துவ மாதுவிடம் சீக்கிரமாகப் பதிவு செய்யுங்கள், திரிபோஷ சத்துமாவும் போஷாக்குக் கொடுப்பனவும் அந்தப் பதிவை வைத்தே வருகின்றன, இவை அஸ்வெசும படிவத்தில் கேட்டுக் கிடைப்பவை இல்லை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கொப்பிகளுக்கான உதவி அறிவிக்கப்படும் நேரங்களில் அஸ்வெசும குடும்பம் என்பதற்கான கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் கேட்கலாம், அதன் ஒரு பிரதியையும் அதே பைலில் போட்டு வையுங்கள்.